நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஆட்டம்

அக்கா, கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன், அந்த மேல் படுக்கையின் சங்கிலி கொக்கியில் சரியாக மாட்டியிருக்கிறதா? மாட்டியிருக்கிறதா? சரி. இல்லை, எனக்கு ஒன்றும் பயமில்லை, சும்மா கேட்டேன். படுத்திருப்பது என் மகள். செண்பகவள்ளி. எங்கள் கோவில்பட்டி அம்மன் பெயரையே வைத்தோம். வீட்டில் செண்பா. காதில் ஒயரைச் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள் என்றால் இந்த ரயிலே கவிழ்ந்தாலும் அவளுக்கு... ஐயையோ, என்ன வாய் எனக்கு. விடுங்கள்.

நீங்கள் நாக்பூரா? மகன் வீட்டுக்கா? நல்லது. நாங்கள் கடைசி வரைக்கும், இந்தூர். அங்கே அகில இந்திய டேபிள் டென்னிஸ் போட்டி. தமிழ்நாட்டிலிருந்து நான்கு பெண் பிள்ளைகள் போகிறார்கள், அதில் இவள் ஒருத்தி. ஒன்பதாவது படிக்கிறாள். மற்ற பிள்ளைகள் அடுத்த பெட்டியில் மேனேஜர் அம்மாவோடு இருக்கிறார்கள். இவளை மட்டும் நான் என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெட்டியில் கதவுப் பக்கம்தான் இடம் கொடுத்திருந்தார்கள். கதவுப் பக்கம் ஒரு பிள்ளையைப் படுக்க வைப்பார்களா?

இவள் இந்த அணிக்குள் வந்ததே பெரிய கதை அக்கா. பெருமைக்குச் சொல்லவில்லை, வரவைத்தது நான். ஆமாம், நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டையில் குச்சி அடுக்கப் போனவள், கோச் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள். உட்கார்ந்தேன், ஜெயித்தோம்.

எங்கள் ஊரில் விளையாட்டு என்றால் ஹாக்கி. தெருவுக்கு நாலு பேர் மட்டையோடு திரிவார்கள். இவளுக்கு மட்டும் எப்படியோ இந்த மேஜைப் பந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பழைய மேஜை ஒன்று கிடந்தது, ஞானராஜ் சார் என்று ஒருவர் சொல்லிக்கொடுக்க வந்தார், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் ஆசிட் வாடையில் நின்றுவிட்டு வருகிற மனுஷன், வீட்டுச் சுவரில் இவள் பந்தைத் தட்டுகிற சத்தம் கேட்டால் எரிந்து விழுவார். "என்ன இது, டொக்கு டொக்குன்னு? வீடா, கொல்லம்பட்டறையா?" என்பார். போன வருடம் இவள் தோற்று வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு வருசம்தான். ஸ்டேட் டீம்ல வந்தா ஆடட்டும். வரலன்னா அந்த பேட்டு பரணுக்குப் போகும், இவ ட்யூசனுக்குப் போவா. பத்தாவது வருது."

சொன்னால் செய்கிற மனுஷன் அக்கா. என் தையல் மிஷினை அப்படித்தான் பரணில் ஏற்றினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இவளைப் பற்றி ஞானராஜ் சார் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, இவளுக்குக் கை சுமார்தான். ஆனா கண்ணு இருக்கே, அந்தக் கண்ணை வச்சே ஜெயிப்பா" என்றார். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது, கை சுமார் என்று? அன்றையிலிருந்து தினமும் இரண்டு முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முருங்கைக்கீரை. கண் நன்றாகத்தான் இருந்தது, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

கண் என்றால் அப்படி ஒரு கண். ஆளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு ராசம்மா மதினி படியேறும்போதே, "அம்மா, மதினி ஒறைக்குத் தயிர் கேக்க வருதாங்க" என்பாள். அதே மாதிரி தயிர்தான் கேட்பாள் அந்த மதினி. எனக்கே சொல்லுவாள்: "நீ மூக்குத்தியத் திருகுனா ஏதோ மறந்துட்டன்னு அர்த்தம். முந்தானைய இழுத்து இழுத்து விட்டா அப்பாவை நெனச்சுப் பயப்படுத. காதைத் தொட்டா பொய் சொல்லப் போற." நான் ஒரு அதட்டு அதட்டினேன். நான் எங்கே அதெல்லாம் செய்கிறேன்? என்னைப் போல நிதானமான ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன். திண்டுக்கல்லில் செலக்சன் போட்டி. எட்டுப் பேர் மிச்சம். ஆளுக்கு ஓர் ஆட்டம், ஜெயிக்கிற நாலு பேர் ஸ்டேட் டீம். இவளுக்கு வந்து வாய்த்தது யார்? கோயம்புத்தூர் ஆத்மிகா. நல்ல உயரம், முகத்தில் சிரிப்பே இல்லாத பிள்ளை, அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் இவளைத் தோற்கடித்ததும் அவள்தான். அவளாவது பரவாயில்லை, அவள் கோச் பரணீதரன் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் சங்கடம். எதிராளி மூச்சு விடுவதைக்கூடக் கணக்கு வைக்கிற ஆள். போன வருடம் எங்கள் ஞானராஜ் சார் முழங்காலில் விரலை வைத்து இவளுக்கு ஜாடை காட்டினார், ஒரு விரல் என்றால் இப்படிப் போடு, இரண்டு விரல் என்றால் அப்படிப் போடு என்று. அதை அந்தப் பரணீதரன் முதல் கேமிலேயே படித்துவிட்டார். படித்து, ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். இவள் அழுதுகொண்டே பஸ்ஸில் வந்தாள்.

இந்தத் தடவை இன்னொரு வம்பு. ஞானராஜ் சாரிடம் படிக்கிற இன்னொரு பிள்ளைக்கும் அதே நேரத்தில் அடுத்த மேஜையில் ஆட்டம். சார் ஒருவர், நாற்காலி இரண்டு. அவர் பாவம், இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்போது இவள் சொன்னாள் பாருங்கள்:

"சார், நீங்க அங்க போங்க. எனக்கு எங்கம்மா உக்காரட்டும்."

"உங்கம்மாவா? பேட்டை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவங்களுக்குத் தெரியாதே!"

"அதான் சார் வேணும்."

சார் இவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போது முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தேன். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த பரணீதரனைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார் அக்கா, சிரித்தார், சிரித்தார், சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போனார். மனுஷனுக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் இருக்கிற இடத்தில் அம்மா வேண்டும் என்கிறாள்! இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை கேட்கிறது?

உட்கார்ந்தேன். கல் மாதிரி உட்கார்ந்தேன் அக்கா. மூக்குத்தியை ஒரு தரம் தொட்டிருப்பேன், மறை கழன்றிருக்கிறதா என்று பார்க்க. அதுவும் எப்போதாவது. முந்தானை வழுக்கியது, அது சிந்தெடிக், அதை இழுத்துவிடாமல் முடியுமா? மற்றபடி அசையவில்லை.

உங்களுக்கு ஆட்டம் தெரியாதில்லையா, சொல்கிறேன். தொடங்குகிற பந்துக்கு சர்வீஸ் என்று பெயர். சில சர்வீஸ் வலையைத் தாண்டினதும் சொத்தென்று அங்கேயே விழும், எதிராளி மேஜைமேல் குனிந்துதான் எடுக்க வேண்டும். சிலது விர்ரென்று மேஜையின் கடைசிக்கு வரும், அதற்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். எது வருகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி. அவ்வளவுதான் விஷயம்.

இவள் சர்வீஸ் போடுமுன் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள். நன்றாகத் திரும்பி, ஊரே பார்க்கிற மாதிரி பார்த்தாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நான் மூக்குத்தியைத் தொடுவேன், உடனே போடுவாள். அம்மா முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெம்பு. அதில் ஒரு அதிசயம் நடந்தது அக்கா, கேளுங்கள். நான் மூக்குத்தியைத் தொட்டால் பந்து வலைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. முந்தானையை இழுத்தால் தூரமாகப் போகிறது. தவறவே இல்லை! எனக்குப் புல்லரித்துவிட்டது. பெற்ற வயிற்றுக்கும் பிள்ளை மனசுக்கும் ஒரு கம்பி ஓடுகிறது பார்த்தீர்களா? அம்மன் செயல் என்று நினைத்தேன்.

ஆனால் முதல் கேம் போய்விட்டது. ஐந்து கேமில் மூன்று ஜெயிக்க வேண்டும், ஒவ்வொன்றும் பதினொன்று வரைக்கும். இவள் ஏழு. இடைவேளையில் இவள் என்னிடம் வந்தாள். கோச் என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே. "தண்ணி குடி. வேர்வையத் துடை. அப்பா சொன்னதை நெனச்சுப் பாரு" என்றேன். இவள் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, பெரிய ரகசியம் மாதிரி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, வீட்டுல கேஸை மூடிட்டுத்தான வந்த?"

பாருங்கள், எவ்வளவு பொறுப்பான பிள்ளை! அவ்வளவு பெரிய ஆட்டத்தின் நடுவில் வீட்டு நினைப்பு. நான் மூடினேனா? பால் காய்ச்சினேன், இறக்கினேன், பிறகு... மூடினேனா? அந்த இரண்டாவது கேம் முழுக்க எனக்கு அதே யோசனை. மூக்குத்தியைத் திருகித் திருகி மூக்கே புண்ணாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பரணீதரன் என்னையே பார்க்கிறார் என்று தெரிந்தது. ஆட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார் அக்கா! குடும்பப் பெண்ணை இப்படி முறைத்துப் பார்ப்பாரா ஒருவர்? நான் முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உடனே அவர் "ரெண்டு!" என்று கத்துகிறார். நான் மூக்கைத் தொட்டால் "ஒண்ணு!" என்கிறார். அந்தப் பிள்ளை உடனே மேஜைமேல் குனிகிறாள். இரண்டாவது கேமும் போயிற்று, ஒன்பதுக்குப் பதினொன்று. இன்னும் ஒன்று போனால் பேட்டு பரணுக்கு.

இவள் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முகம் அப்படியே மலர்ந்திருக்கிறது! துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, "அம்மா, அண்ணன் ஹெல்மெட் போட்டுட்டா காலேஜுக்குப் போனான்?" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. என் மூத்தவன் போடமாட்டான் அக்கா. தலை கலைந்துவிடுமாம்.

மூன்றாவது கேம். எட்டுக்கு எட்டு வரைக்கும் அந்தக் கம்பி சரியாகத்தான் ஓடியது. மூக்குத்தி என்றால் கிட்டே, முந்தானை என்றால் தூரம். அப்புறம் அறுந்துவிட்டது. நான் மூக்குத்தியைத் தொட்டேன், பரணீதரன் "ஒண்ணு!" என்றார், ஆத்மிகா ஓடிவந்து மேஜைமேல் குனிந்தாள், இவள் போட்ட பந்து விர்ரென்று அவள் இடுப்பைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்தது முந்தானை. அந்தப் பிள்ளை பின்னால் தள்ளி நிற்கிறாள், பந்து வலைக்குப் பக்கத்தில் சொத்தென்று விழுந்து இரண்டு தரம் குதித்தது. எனக்குக் கவலையாகிவிட்டது. நம் வேண்டுதலில் ஏதோ குறை. கேம் என்னவோ இவளுக்குத்தான் வந்தது.

நான்காவதில் முதலில் எல்லாம் சரியாக இருந்தது. எண்கள் ஏறினதும் மறுபடி அறுந்தது. பரணீதரன் எழுந்தார், உட்கார்ந்தார், தலையைச் சொறிந்தார். அதுவும் இவளுக்கு வந்தது. அவர் நேராக நடுவரிடம் போனார்.

"சார், அந்தம்மா சிக்னல் குடுக்கறாங்க. நடுவுல மாத்தி மாத்திக் குடுக்கறாங்க."

நடுவர் என்னிடம் வந்தார். சின்ன வயதுப் பையன், கழுத்துப் பட்டி எல்லாம் கட்டியிருந்தான். "அம்மா, பொண்ணுக்கு சைகை ஏதும் காட்டுறீங்களா?"

"சைகையா? தம்பி, எங்க வீட்டு கேஸ் மூடியிருக்கான்னே எனக்குத் தெரியல. நீங்க ஏன் தம்பி வேற."

அவன் சிரித்துவிட்டான். "பந்து ஆட்டத்துல இல்லாதப்போ காட்டினா தப்பில்ல சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பரணீதரன் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நானும் போட்டேன். மரியாதையான மனுஷன் என்று அப்போதுதான் தோன்றியது. அவர் கும்பிட்ட கையை இறக்காமலே, நான் கும்பிட்டதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

கடைசி கேம். என்னால் முடியவில்லை அக்கா. ஒன்பதுக்கு ஒன்பது. அப்புறம் இவளுக்குப் பத்து. இன்னும் ஒன்றே ஒன்று. சர்வீஸ் இவளுடையது. இவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். ஹால் முழுக்க என்னைப் பார்க்கிறது, அடுத்த மேஜையிலிருந்து ஞானராஜ் சார்கூட எட்டிப் பார்க்கிறார். எனக்குக் கேஸ், ஹெல்மெட், பரண், தையல் மிஷின் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டது. மூக்குத்தியைத் தொட்டேன். முந்தானையை இழுத்தேன். காதைத் தொட்டேன். காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பையைத் திறந்து மூடினேன்.

"ஒண்ணு!" என்றார் பரணீதரன். "இல்ல, ரெண்டு! இல்ல இல்ல, இரு கண்ணு, மூணு... அட என்னங்க இது!"

அந்த ஆத்மிகா முன்னால் ஒரு அடி வைத்தாள், பின்னால் ஒரு அடி வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். இவள் ஒரு சர்வீஸ் போட்டாள் பாருங்கள், நேராக, நடுவில், மெதுவாக. தொட்டில் பிள்ளைகூடக் கையை நீட்டி எடுக்கும். அந்தப் பிள்ளை எடுத்தாள், வலையில் போய் முட்டியது.

ஹால் முழுக்க ஒரே சத்தம்! இவள் பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ தங்கம்மா! நீ ஒருத்தி போதும்மா!" என்று கத்துகிறாள், சிரிக்கிறாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நானும் அழுதேன். அந்தத் தோற்ற பிள்ளைகூட, நம்பவே மாட்டீர்கள், சிரித்துவிட்டது. சிரித்தால் அழகாகத்தான் இருந்தது.

பரணீதரன் சார் வந்தார். "ஏனுங்க, நீங்க கோச்சிங் எங்க படிச்சீங்க?" என்றார்.

"எட்டாவது வரைக்கும் சார். கோவில்பட்டியில."

"இத்தனை வருசத்துல நான் படிக்க முடியாத ஆளே இல்லீங்க. உங்க முகத்துல ஒண்ணுமே புடிபடலீங்க."

"நமக்கு நிதானம் ஜாஸ்தி சார்" என்றேன். பாவம், தோற்ற துக்கம், ஏதேதோ பேசினார். பையில் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இருந்தது, ஒரு பாக்கெட் கொடுத்தேன். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். செலக்ட் ஆகிவிட்டாள் என்றேன். "நெசமாவா?" என்றார். "கேஸ் மூடியிருக்கா பாருங்க" என்றேன். மூடித்தான் இருந்ததாம். பிறகு சொல்கிறார், "சரி, ஆடட்டும். ஆனா இந்தூர்ல ஒரு ரவுண்டாவது தாண்டிக் காட்டட்டும். அப்பத்தான் பேட்டு கீழ இருக்கும்." மனுஷன் விடமாட்டார் அக்கா. அந்தக் கவலையோடுதான் வந்துகொண்டிருக்கிறேன்.

இந்தூரிலும் நான்தான் உட்காரணுமாம். ஞானராஜ் சாரும் அதையேதான் சொல்கிறார். இவள் கிளம்புகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள், "நீ எப்பவும் போல இரும்மா, ஒண்ணையும் மாத்தாத, எப்பவும் போல இரு." சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். அகில இந்தியா இல்லையா? எப்போதும் போல இருந்தால் போதுமா?

கிட்டே வாங்க, ஒரு ரகசியம் சொல்கிறேன். அவளுக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு டீச்சர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மாதமாகப் போனேன். இவளிடம் கீரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். இப்போது நான் நினைத்தால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவேன் அக்கா. சத்தியமாக. ஒரு விரல் ஆடாது. மூக்குத்தியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன், பாருங்கள், மூக்கு வெறுமையாக இருக்கிறதா? இந்தூருக்கு என்று காட்டன் சேலை, முந்தானையில் நாலு ஊக்கு. திண்டுக்கல்லில் ஏதோ கொஞ்சம் அசைந்துவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் அந்தக் கம்பி நடுவில் அறுந்து அறுந்து போனது. இந்தூரில் அறவே அறாது. ஏன் அக்கா, ஏன் வாயில் கையை வைத்துக்கொண்டீர்கள்? அவளுக்குச் சொல்லிவிடவா? வேண்டாம் அக்கா, அங்கே போய் அசத்த வேண்டும் அவளை. இருங்கள், இப்போதே காட்டுகிறேன். பாருங்கள். பார்க்கிறீர்களா?

ஐயோ! ஏட்டி, எதுக்கு இப்படிக் குதிக்க? ஏணி எதுக்கு இருக்கு? காலை ஒடிச்சிக்கிட்டா இந்தூர்ல யார் ஆடுறது? காதுல ஒயரு இருந்துச்சே, எப்ப எடுத்த? எல்லாத்தையும் கேட்டுட்டியா?

பாருங்கள் அக்கா, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது.

என்னட்டி? ஆமா, கழட்டிட்டேன். பீரோவுல. எதுக்குத் திரும்பப் போய் எடுக்க? நாக்பூர்ல எறங்கி ஒரு கவரிங் மூக்குத்தியாவது வாங்கணுமா? உனக்கென்ன பைத்தியமா? ஆமா, முந்தானைக்கும் ஊக்கு. நாலு. என்ன கேக்க? முழு மேட்சும் அசையாமத்தான் இருப்பேன். காதைத் தொடமாட்டேன். காலையும் ஆட்ட மாட்டேன். கல்லு மாதிரி.

ஏன் இப்படி என் முகத்தையே பார்க்க? என்ன இருக்கு என் முகத்துல?

கண்ணா? கண்ணு சிமிட்டித்தான ஆகணும். அதுக்கு டீச்சர் ஒண்ணும் சொல்லலயே. பயந்தா நெறைய சிமிட்டுவேனா? அது என்ன கணக்கு? சும்மா இருக்கும்போது எத்தனை, பயந்தா எத்தனைன்னு எனக்கெப்படித் தெரியும், போடி.

பாருங்கள் அக்கா, சிரிப்பை. இப்போதுதான் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் முத்தம் வேறு. ஏணியில் ஏறுகிற வேகத்தைப் பாருங்கள்.

என்னட்டி இப்போ, அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கிட்டு? என்னது?

ஐயோ, அக்கா, ஊரிலே மொட்டைமாடித் தண்ணி மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வந்தோமா என்று கேட்கிறாள்.